அறுவை முடியாதவர் கோப்பை மூடிவிடாதீர்கள்: தொடக்கநிலை நுரையீரல் புற்றுநோய்க்கான வெப்ப அபிலேஷன் குறித்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் புற்றுநோய்ச் சிகிச்சையைக் கூடி முடிவு செய்யும் மருத்துவர் குழுக்களான டியூமர் போர்டுகளுக்கும்,

வணக்கம்.

நுரையீரலின் ஓரத்தில் 1.8 செ.மீ. கட்டி. பயாப்ஸியில் அடினோகார்சினோமா என்ற புற்றுநோய் வகை. நிணநீர்க் கணுக்களில் பரவல் இல்லை. இது முதல் நிலைப் புற்றுநோய்; குணமாக்கும் நோக்கத்தோடு அணுக வேண்டிய நோய். ஆனால் நோயாளிக்கு 74 வயது, பல்லாண்டுப் பீடிப் பழக்கத்தால் சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்), இதயத்தில் ஸ்டென்ட், ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் எஃப்.இ.வி.1 (முதல் நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு) இருக்க வேண்டியதில் 40 சதவீதம். நெஞ்சு அறுவை மருத்துவர் பார்த்துவிட்டு, தாங்கமாட்டார் என்கிறார். அந்த முடிவில் தவறில்லை. அதற்கு அடுத்த வரியில்தான் தவறு நடக்கிறது. “அறுவைக்குத் தகுதியில்லை, ஆதரவுச் சிகிச்சை” என்று எழுதி, இருமல் மருந்தும் இன்ஹேலரும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். முதல் நிலையில் சிகிச்சையின்றி விடப்பட்டவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோவது அவர்களின் இதயநோயோ மூச்சுத்திணறலோ இல்லை, அந்தப் புற்றுநோய்தான்.

நாங்கள் நுரையீரல் மருத்துவம், இடையீட்டுக் கதிரியல் (ஸ்கேன் பார்த்து ஊசி வழியாகச் சிகிச்சை செய்யும் துறை), மயக்கவியல் ஆகிய துறைகளில் பணிபுரிபவர்கள். எங்கள் வேண்டுகோள் இதுதான்: அறுவை இயலாது என்று முடிவான ஒவ்வொரு முதல் நிலை நோயாளியின் கோப்பும், மூடப்படுவதற்கு முன் கதிர்வீச்சு மருத்துவர், இடையீட்டுக் கதிரியல் மருத்துவர் இருவரின் கைக்கும் போக வேண்டும். சி.டி. ஸ்கேன் பார்த்து ஊசியைச் செலுத்திக் கட்டியைச் சுட்டு அழிக்கும் வெப்ப அபிலேஷனை எல்லா இடத்திலும் அரைகுறையாகத் தொடங்காமல், சில மையங்களில் முழுமையாக நிறுவ வேண்டும்.

அபிலேஷனின் இடம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அறுவையைத் தாங்கக்கூடியவருக்கு அறுவையே சிறந்தது. 2022-இல் வெளியான ஜப்பானின் ஜே.சி.ஓ.ஜி. 0802, 2023-இல் வெளியான அமெரிக்காவின் சி.ஏ.எல்.ஜி.பி. 140503 ஆகிய ஆய்வுகளுக்குப் பிறகு, ஓரத்தில் இருக்கும் 2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிக்கு லோப் (நுரையீரல் மடல்) முழுவதையும் எடுத்தே ஆகவேண்டும் என்ற நிலை மாறிவிட்டது. சிறு பகுதியை மட்டும் எடுத்தாலும் போதும். ஆகவே ‘அறுவை முடியாது’ என்ற சொல் நெஞ்சு அறுவை மருத்துவரின் வாயிலிருந்து வர வேண்டும். வயதையும் எக்ஸ்-ரேயையும் மட்டும் பார்த்து வார்டு டாக்டர் எழுதிவிடக் கூடாது.

அறுவை இல்லை என்று ஆனபின் முதலில் பார்க்க வேண்டியது எஸ்.பி.ஆர்.டி. எனப்படும் துல்லியக் கதிர்வீச்சு. 2010-இல் வெளியான ஆர்.டி.ஓ.ஜி. 0236 ஆய்வில், அறுவைக்கு ஏற்காத நோயாளிகளுக்கு மூன்று அமர்வில் 54 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில் 97.6 சதவீதம் பேருக்கு மூலக்கட்டி கட்டுப்பாட்டில் இருந்தது. மின்னோட்டத்தால் சுடும் ரேடியோஃப்ரீக்வென்சி அபிலேஷனை முதல் நிலை ஏ நோயாளிகள் 51 பேரிடம் சோதித்த அமெரிக்காவின் இசட்4033 ஆய்வில், இரண்டு ஆண்டுகள் கழித்து 69.8 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். செய்த இடத்திலேயே கட்டி திரும்பாமல் இருந்தது 59.8 சதவீதம். நோயாளிக் கூட்டமும் அளவிட்ட முறையும் வேறு என்றாலும், உள்ளூர்க் கட்டுப்பாட்டில் கதிர்வீச்சு முன்னே நிற்கிறது என்பதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. ஆனால் அதே இசட்4033-இல் 2 செ.மீ.க்குக் குறைந்த கட்டி உடையவர்களில் 83 சதவீதம் பேர் இரண்டு ஆண்டு கடந்தார்கள். மூன்று மாதத்திலும் இரண்டு ஆண்டிலும் அளந்தபோது மூச்சுத் திறன் குறிப்பிடும்படி குறையவில்லை. ஏற்கெனவே பாதி நுரையீரலில் வாழ்பவருக்கு இந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

எனவே அபிலேஷன் யாருக்கு? அந்த இடத்தில் முன்பே கதிர்வீச்சு வாங்கி, மறுபடி கொடுக்க வழியில்லாதவருக்கு. எஸ்.பி.ஆர்.டி.க்குப் பிறகு அதே இடத்தில் சிறிதாகத் திரும்பியவருக்கு. ஒரு நுரையீரலில் அறுவை முடிந்து, மறுபக்கம் சிறு கட்டி புதிதாக வந்தவருக்கு. எஸ்.பி.ஆர்.டி. இயந்திரம் எட்டாத தொலைவில் இருந்து, அல்லது வரிசையில் மாதக்கணக்கில் காத்திருந்து, கட்டியை வளரவிடும் நிலையில் இருப்பவருக்கு. ஒரே அமர்வில், ஓரிரு நாள் தங்கலில் முடிவதும், தேவைப்பட்டால் மறுபடி செய்ய முடிவதும் இதன் பலம்.

அளவில் கண்டிப்பு வேண்டும். 2 செ.மீ.க்குள் என்றால் நல்ல பலன், 3 செ.மீ. வரை ஏற்கலாம், அதற்கு மேல் கட்டியின் விளிம்பில் உயிருள்ள செல்கள் தங்கிவிடும். காரணம் எளிது. 3 செ.மீ. கட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 5 மி.மீ., முடிந்தால் 10 மி.மீ. நல்ல திசுவையும் சேர்த்துச் சுட வேண்டும். அப்படியானால் சுடும் பகுதியின் குறுக்களவு 4 முதல் 5 செ.மீ. ஆகிவிடுகிறது. 3 மி.மீ.க்கு மேற்பட்ட ரத்தக் குழாய் கட்டியை ஒட்டி ஓடினால், ஓடும் ரத்தம் வெப்பத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். கட்டி திரும்பும்போது பெரும்பாலும் அந்தக் குழாயின் பக்கத்திலிருந்துதான் திரும்புகிறது. ஹைலத்தை (நுரையீரலுக்குள் குழாய்கள் நுழையும் வாயில்) ஒட்டிய கட்டி, பெரிய மூச்சுக்குழாயை ஒட்டிய கட்டி, இதயத்தை ஒட்டிய கட்டி இவற்றை இந்த வழியில் தொட வேண்டாம். மீடியாஸ்டினத்தின் (இரு நுரையீரலுக்கும் இடைப்பட்ட பகுதி) பக்கவாட்டில் இருந்தால் உதரவிதான நரம்பு சுடுபடலாம். ஏற்கெனவே மூச்சு குறைந்தவருக்கு ஒரு பக்க உதரவிதானம் செயலிழப்பது பெரிய கேடு. நுரையீரல் உச்சியில் இருந்தால் கைக்குப் போகும் நரம்புப் பின்னல் அருகில் இருக்கிறது.

நம் ஊரில் காசநோய் இருக்கிறது என்பதால் கூடுதலாக ஒரு கண்டிப்பு. செல்கள் சர்க்கரையை உறிஞ்சுவதைக் காட்டும் பெட் ஸ்கேனில் ஒளிர்ந்தாலே புற்றுநோய் என்று சுடப் போகக் கூடாது. காசநோய்க் கட்டியும் ஒளிரும். காசநோய்த் தழும்புள்ள நிணநீர்க் கணுவும் ஒளிர்ந்து, பரவாத நோயைப் பரவிய நோய் போலக் காட்டும். எனவே கட்டியிலிருந்து திசு எடுத்து உறுதி செய்தே ஆக வேண்டும். எடுத்த திசுவில் ஒரு பகுதியைக் காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும். கணு சந்தேகமாக இருந்தால் இபஸ் (மூச்சுக்குழாய்க்குள்ளிருந்து அல்ட்ராசவுண்ட் பார்த்துச் செலுத்தும்) ஊசி வழியாக மாதிரி எடுக்க வேண்டும். அறுவையில் கணுக்களை எடுத்துப் பார்க்க வழியுண்டு, அபிலேஷனில் அது கிடையாது. முன்கூட்டியே பார்க்காமல் விட்டால் சிகிச்சையின்போது பார்க்க முடியாது. இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மரபணுப் பரிசோதனைகளுக்குப் போதிய திசுவும் இப்போதே வேண்டும். சுட்ட பிறகு கருகிய திசுவில் அது கிடைக்கும் என்று நம்ப முடியாது.

பயாப்ஸியையும் அபிலேஷனையும் ஒரே நாளில் செய்துவிடலாமா என்று கேட்கிறார்கள். தொலைவிலிருந்து வரும் நோயாளிக்கு அது வசதிதான். ஆனால் பயாப்ஸி ஊசி பட்டதும் கட்டியைச் சுற்றி ரத்தம் கசிந்து ஸ்கேனில் எல்லை மங்கிவிடும். எது கட்டி, எது ரத்தம் என்று பிரிக்க முடியாமல் போனால் விளிம்பு தவறும். முடிவும் கையில் இருக்காது. சந்தேகம் உள்ள எவருக்கும் தனித்தனி அமர்வே நல்லது.

இனி செய்முறை. ரேடியோஃப்ரீக்வென்சி சுமார் 375 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் மின்னோட்டத்தைத் திசு வழியாகச் செலுத்துகிறது. காற்று நிறைந்த நுரையீரல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஊசியைச் சுற்றித் திசு கருகியதும் தடை ஏறி, இயந்திரம் ஓட்டத்தைக் குறைத்துவிடும். மைக்ரோவேவ் 915 மெகாஹெர்ட்ஸ் அல்லது 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. மின்கடத்தலை நம்பி இல்லாததால் நுரையீரலில் விரைவாகவும் பரவலாகவும் சூடேற்றுகிறது, தொடையில் ஒட்டும் தரைப் பட்டைகளும் வேண்டாம். பட்டை சரியாக ஒட்டாமல் தோல் வெந்துபோவது ரேடியோஃப்ரீக்வென்சியின் பழைய தொல்லை. பேஸ்மேக்கர் வைத்தவருக்கும் அது சிக்கல். எந்த முறையானாலும் இதயப் பிரிவிடம் கேட்டு, பேஸ்மேக்கரைப் பரிசோதித்த பிறகே தொடங்க வேண்டும். புதிதாக வாங்கும் மையத்துக்கு மைக்ரோவேவையே நாங்கள் பரிந்துரைப்போம்.

திசு 60 டிகிரி செல்சியஸை எட்டினால் செல்கள் கிட்டத்தட்ட உடனே சாகின்றன. 50 டிகிரியை ஒட்டி என்றால் சில நிமிடங்கள் பிடிக்கும். எத்தனை வாட், எத்தனை நிமிடம் என்று நிறுவனங்கள் ஓர் அட்டவணை தருகின்றன. அதை அப்படியே நம்பக் கூடாது. அந்த அட்டவணைகள் பெரும்பாலும் உயிரற்ற விலங்கு ஈரலில் எடுக்கப்பட்டவை. காற்றும் ரத்த ஓட்டமும் உள்ள மனித நுரையீரலில் சுடுபகுதியின் வடிவமும் அளவும் மாறும். அட்டவணை தொடக்கப் புள்ளி மட்டுமே, முடிவை ஸ்கேன்தான் சொல்ல வேண்டும்.

முந்தைய வாரத்தில் ரத்த உறைவுப் பரிசோதனை: ஐ.என்.ஆர். 1.5-க்குள், தட்டணுக்கள் 50,000-க்கு மேல். ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரெலை 5 நாள் முன்பே நிறுத்த வேண்டும். ஸ்டென்ட் வைத்தவருக்கு இதய மருத்துவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும். முழு மயக்கமோ, விழித்திருக்கும் மயக்கமோ நோயாளியைப் பொறுத்தது. நெஞ்சுச் சுவரை ஒட்டிய கட்டி கடுமையாக வலிக்கும், விலா நரம்பு பிளாக் கொடுத்துத் தொடங்குவது நல்லது. படுக்கும் நிலையை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். ஊசி, நுரையீரல் உறையை ஒரே ஒரு முறை துளைக்க வேண்டும், லோப்களுக்கு இடையிலான பிளவைக் கடக்கக் கூடாது, சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு இருக்கும் காற்றுக் கொப்புளங்களைத் தவிர்க்க வேண்டும். விலா எலும்பின் கீழ்விளிம்பில் ரத்தக் குழாய் ஓடுவதால் மேல்விளிம்பை ஒட்டியே நுழைய வேண்டும். 1 முதல் 1.25 மி.மீ. மெல்லிய வெட்டுகளில் சி.டி. எடுத்து, ஆண்டெனா (மைக்ரோவேவ் ஊசி) கட்டியின் நடுவில் இருக்கிறதா என்று மூன்று தளங்களிலும் பார்க்க வேண்டும். குறுக்குவெட்டுப் படத்தில் நடுவில் தெரிவது, நெடுக்குவெட்டில் பார்த்தால் 6 மி.மீ. மேலே இருக்கும். மூச்சோடு நகரும் கீழ் லோப் கட்டிகளில் இந்தத் தவறு எளிதில் நடக்கும். முழு மயக்கத்தில் மூச்சை நிறுத்தி ஊசியைச் செலுத்துவது அங்கே பெரிதும் உதவும்.

சுட்ட உடனே கட்டியைச் சுற்றி மங்கலான வெண்படலம் ஸ்கேனில் தெரியும். அது எல்லாப் பக்கமும் கட்டியின் பழைய விளிம்பைத் தாண்டிக் குறைந்தது 5 மி.மீ. போயிருக்க வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் அன்றே ஆண்டெனாவை நகர்த்தி மறுபடி சுட வேண்டும், ‘அடுத்த ஸ்கேனில் பார்ப்போம்’ என்று விடக் கூடாது. மைக்ரோவேவில் திசு சுருங்கும் என்பதால் புதிய அளவைப் பழைய ஸ்கேனோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் விளிம்பு புரியும். வெளியே எடுக்கும்போது ஊசித் தடத்தையும் மெதுவாகச் சுட்டுக்கொண்டே வருவது ரத்தக் கசிவையும் புற்றுச் செல் தடத்தில் தங்குவதையும் குறைக்கும்.

அதிகம் நடக்கும் சிக்கல் நியூமோதொராக்ஸ், அதாவது நுரையீரலைச் சுற்றிக் காற்று கோத்துக்கொள்வது. 2008-இல் வெளியான ரேப்சர் ஆய்வில் ரேடியோஃப்ரீக்வென்சி அபிலேஷனை 137 முறை செய்ததில் 27 முறை காற்றை வெளியேற்றக் குழாய் வைக்க வேண்டியிருந்தது. செய்முறையால் இறப்பு இல்லை. அதாவது குழாய் வைப்பது விபத்து இல்லை, எதிர்பார்த்துத் தயாராக இருக்க வேண்டிய வேலை. 8 முதல் 12 பிரெஞ்சு அளவுள்ள பிக்டெயில் குழாய், நீருக்குள் மூழ்கிய பாட்டில், வைக்கத் தெரிந்த மருத்துவர் மூன்றும் சி.டி. அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். சுடுவதற்கு முன்பே காற்று கோத்துக்கொண்டால் கட்டி விலகிப் போகும். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத் தொடரலாம். ரத்தக் கசிவு வந்தால் கசியும் பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைக்க வேண்டும், நல்ல நுரையீரலுக்குள் ரத்தம் போகக் கூடாது. காற்றுக் குமிழி ரத்தத்தில் ஏறுவது மிக அரிது, ஆனால் ஆளைக் கொல்லக்கூடியது: திடீர் வலிப்பு, இ.சி.ஜி. மாற்றம் கண்டால் உட்கார வைக்காமல் தட்டையாகப் படுக்க வைத்து 100 சதவீத ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். ஐ.எல்.டி. (நுரையீரல் திசு தழும்பேறும் நோய்) உள்ளவருக்கு அபிலேஷனுக்குப் பிறகும் நோய் திடீரென முற்றி உயிர் போகலாம். அவருக்குக் கதிர்வீச்சு ஆபத்து என்பதாலேயே அபிலேஷன் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது.

இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் ஒரு எக்ஸ்-ரே, மறுநாள் காலையில் ஒன்று. பிறகு வீட்டுக்குப் போகலாம். ஆனால் நியூமோதொராக்ஸ் சில நாள் கழித்தும் வரும். திருவண்ணாமலைக்கோ கமுதிக்கோ பேருந்தில் போய்ச் சேர்ந்தவருக்கு நாலாம் நாள் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வந்தால், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ‘ஆஸ்துமா’ என்று நெபுலைசர் வைத்துவிடக் கூடாது. வெளியேற்றச் சீட்டில் தமிழில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்: ‘நுரையீரலில் ஊசி வழிச் சூட்டுச் சிகிச்சை செய்யப்பட்டவர். மூச்சுத்திணறினால் 108-ஐ அழைக்கவும். முதலில் எக்ஸ்-ரே எடுக்கவும்.’ லேசான காய்ச்சலும் அசதியும் முதல் சில நாள் வழக்கம், பாராசிட்டமால் போதும். ஒரு வாரத்துக்குப் பிறகும் கடுங்காய்ச்சல், நாற்றமுள்ள சளி என்றால் சீழ்க்கட்டியைத் தேடி சி.டி. எடுக்க வேண்டும்.

பின்தொடர்தல் பற்றி நாங்கள் அதிகம் கவலைப்படுகிறோம், ஏனெனில் நன்றாகச் செய்த சிகிச்சையும் இங்கேதான் பாழாகிறது. ஒரு மாத ஸ்கேனில், சுட்ட இடம் பழைய கட்டியைவிடப் பெரிதாகத் தெரியும். தெரியத்தான் வேண்டும், ஏனெனில் கட்டியோடு விளிம்பையும் சேர்த்துச் சுட்டிருக்கிறோம். அபிலேஷன் நடந்ததை அறியாத கதிரியல் மருத்துவர் ‘கட்டி வளர்ந்துள்ளது’ என்று எழுதுகிறார், நோயாளிக்குக் கீமோதெரபி தொடங்கப்படுகிறது. இன்னொரு தவறு நம் மண்ணுக்கே உரியது. சுட்ட இடத்தில் சில மாதங்களில் குழி விழுவது வழக்கம். மேல் லோப்பில் குழி என்றதும் ஆறு மாதக் காசநோய் மாத்திரை எழுதிவிடுகிறார்கள். சளியில் சி.பி.நாட் (காசநோய்க் கிருமியின் மரபணுப் பரிசோதனை) செய்யாமல், அபிலேஷன் தேதியைப் பார்க்காமல் அந்த மாத்திரை தொடங்கக் கூடாது. அதே குழிக்குள் பூஞ்சை வளரவும் கூடும் என்பதால், சளியில் ரத்தம் வந்தால் அதையும் நினைக்க வேண்டும்.

ஒரு மாத ஸ்கேனை அடிப்படையாக வைத்து 3, 6, 12-ஆம் மாதங்களிலும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் ஒப்பிட வேண்டும். ஆறாம் மாதத்துக்குப் பிறகு சுட்ட பகுதி பெருத்தால், அல்லது விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் புதிதாக முடிச்சு தோன்றி, ஸ்கேனுக்காக ஏற்றும் மருந்தில் ஒளிர்ந்தால், அது திரும்பி வந்த கட்டி என்று கருதி பயாப்ஸி செய்ய வேண்டும். பெட் ஸ்கேனை மூன்று மாதத்துக்கு முன் எடுக்காதீர்கள், புண் ஆறும் அழற்சியே ஒளிர்ந்து குழப்பும். சிறிதாக இருக்கும்போதே பிடித்தால் மறுபடி சுடலாம், எஸ்.பி.ஆர்.டி.யும் கொடுக்கலாம். தாமதமாகப் பிடித்தால் இரண்டும் கைநழுவும்.

இவற்றிலிருந்து எங்கள் கோரிக்கைகள் எழுகின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அதில் நுரையீரல் அபிலேஷனுக்கான தொகுப்பு, ஊசி போடும் நாளோடு முடிந்துவிடக் கூடாது. ஆண்டெனா, மயக்கம், குழாய் வைக்க நேர்ந்தால் கூடுதல் நாட்கள், ஓர் ஆண்டுக்குள் நான்கு சி.டி. ஆகியவை ஒரே அனுமதியில் அடங்க வேண்டும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் தனி அனுமதி என்றால், நன்றாக இருப்பதாக உணரும் நோயாளி மூன்றாவது ஸ்கேனுக்கு வரமாட்டார். அனுமதிக்கு முன் நான்கு தாள்களைக் கட்டாயமாக்குங்கள்: பயாப்ஸி முடிவு, பெட் ஸ்கேன், நெஞ்சு அறுவை மருத்துவரின் கருத்து, எஸ்.பி.ஆர்.டி. ஏன் இல்லை என்று கதிர்வீச்சு மருத்துவர் எழுதிய குறிப்பு. 3 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிக்கு வரும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இயந்திரத்தை மட்டும் வாங்கி ஆண்டெனாவை மருத்துவமனையின் தலையில் விட்டுவிடக் கூடாது. ஆண்டெனா ஒருமுறைப் பயன்பாட்டுக்கானது. விலை அதிகம் என்பதால் கழுவி மறுபடி பயன்படுத்தும் ஆசை வரும். அதன் தண்டுக்குள் குளிர்நீர் ஓடும் நுண்குழாய் இருக்கிறது; மறுபயன்பாட்டில் அது அடைபட்டாலோ கசிந்தாலோ தண்டு முழுவதும் சூடாகி நெஞ்சுச் சுவரையும் தோலையும் சுடும், முனையில் வேண்டிய வெப்பமும் குறையும். இயந்திர ஒப்பந்தத்திலேயே ஆண்டெனாவின் விலையையும், 14 முதல் 17 கேஜ் வரையிலான தடிமன், 15, 20 செ.மீ. நீளங்களையும் சேர்த்து நிர்ணயியுங்கள்.

மையங்களைப் பொறுத்தவரை, நெஞ்சு அறுவைப் பிரிவும் தீவிர சிகிச்சைப் பிரிவும் ஒரே வளாகத்தில் உள்ள இடங்களில் மட்டும் தொடங்குங்கள். தாம்பரம் சானடோரியம் நெஞ்சக மருத்துவமனை போன்ற இடங்களில் இந்த நோயாளிகள் முதலில் வந்து சேர்கிறார்கள். சிகிச்சை வேறிடத்தில் நடந்தாலும், அங்கிருந்து டியூமர் போர்டுக்குக் கோப்பு இணையவழியில் போய் இரண்டு வாரத்துக்குள் பதில் வரும் ஏற்பாடு வேண்டும். ஒவ்வொரு மையமும் கட்டியின் அளவு, இடம், வாட், நிமிடம், விளிம்பு மி.மீ.யில், குழாய் வைத்தார்களா, ஓராண்டில் திரும்பியதா என்ற ஏழு விவரங்களையாவது ஒரே படிவத்தில் பதிவு செய்து துறைக்கு அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தின் வரைவையும் தமிழ் வெளியேற்றச் சீட்டின் வரைவையும் எழுதித் தரவும், முதல் அமர்வுகளில் உடனிருந்து கற்றுத் தரவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
நுரையீரல் மருத்துவம், இடையீட்டுக் கதிரியல், மயக்கவியல் துறைகளைச் சேர்ந்த மருத்துவர்கள்